காரணம் நீளம்

அந்த அலுவலகத்தில் ஒருவர் நாற்காலியில் இல்லையென்றால் எங்கே போனார் என்று யாரும் கேட்பதில்லை. அவருடைய கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்ப்பார்கள். அதில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்துகொண்டிருந்தால் போதும். "கம்பைல் ஆகுது" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். கோடு நகர்கிறது, ஆகவே ஆள் உழைக்கிறார். கோடு நின்ற பிறகும் ஆளைக் காணோம் என்றால்தான் அவர் காணாமல் போனவர்.

லிஃப்டுகளுக்குள் இருக்கும் மென்பொருளை எழுதும் கம்பெனி அது. எந்த மாடியில் யார் பொத்தானை அழுத்தினார்கள், முதலில் யாரை ஏற்றுவது, கதவை எப்போது மூடுவது என்றெல்லாம் லிஃப்டுக்கு யோசிக்கக் கற்றுத்தரும் புனிதப் பணி. அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. கட்டிடத்தில் நல்ல லிஃப்ட் ஒன்றும் இருந்தது. ஆனால் அங்கே வேலை பார்த்த முப்பத்தோரு பேரும் படியேறித்தான் வந்தார்கள். லிஃப்டுக்குள் என்ன எழுதியிருக்கும் என்று தெரிந்தவர்கள் லிஃப்டில் ஏற மாட்டார்கள்.

கம்பைல் என்பது, மனிதன் தனக்குப் புரியும்படி எழுதி வைத்ததை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும் வேலை. மனிதனுக்கே புரியாதபடி எழுதி வைத்ததையும் அது மாற்றிக் கொடுக்கும். அந்தப் பெருந்தன்மையில்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. இங்கே ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஃபைல்கள். ஏதாவது ஒரு ஃபைலில் ஒரே ஒரு கமாவைத் திருத்தினாலும் ஆயிரத்துத் தொள்ளாயிரமும் முதலிலிருந்து மாறியாக வேண்டும். அதற்கு நாற்பத்திரண்டு நிமிடம். மழை வருகிறது, வயதாகிறது, கம்பைல் ஆகிறது. இதில் கேள்வி கேட்க என்ன இருக்கிறது?

அந்த நாற்பத்திரண்டு நிமிடங்களில் ஒரு நாகரிகமே வளர்ந்திருந்தது. மூலை மேசைக்காரர் அதில் சட்டம் படித்துப் பட்டம் வாங்கிவிட்டார். இப்போது மேற்படிப்பில் இருந்தார். சோதனைப் பிரிவுப் பெண்ணும் கதவுப் பிரிவுப் பையனும் அதில் பேசிப் பழகிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர்களுடைய மகனுக்கு ஐந்து வயது. அந்த மென்பொருளிலிருந்து இதுவரை ஒழுங்காக வெளிவந்த ஒரே விஷயம் அவன்தான் என்று சொல்வார்கள். மேனேஜர்கூடத் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த நேரத்தில் "திட்டமிடுவார்". திட்டமிடும் சத்தம் சில சமயம் வெளியே கேட்கும். மூக்கடைப்பு இருக்கும் நாட்களில் பலமாகவே கேட்கும்.

இவர்களில் வயதிலும் வருடக் கணக்கிலும் மூத்தவர் வார்னிங் சார். நாற்பத்தாறு வயது, கோடு போட்ட சட்டை, பையில் எப்போதும் ஒரு குடை. கம்பைலருக்கு இரண்டு விதமாகப் பேசத் தெரியும். எரர் என்றால் நின்றுவிடும். திருத்தாமல் மேலே போகாது. வார்னிங் என்றால், "இது எனக்குச் சரியாகப் படவில்லை, அப்புறம் உன் இஷ்டம்" என்று மெல்ல முனகிவிட்டு வேலையைத் தொடரும். இவர் எழுதியதைக் கம்பைல் செய்தால் ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு முனகல்கள் வரும். புதிதாக வந்த யாராவது பதறினால், "ஓடுதில்ல? விடுங்க" என்பார். அதனால் வந்த பெயர். இந்தக் கொள்கையை அவர் வாழ்க்கைக்கும் விரிவுபடுத்தியிருந்தார். ரத்த அழுத்தம் கொஞ்சம் கூட இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது, அது வார்னிங்தான் என்றார். வீட்டுச் சமையலறைக் குழாய் மூன்று வருடமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அதுவும் வார்னிங்தான்.

ஆனால் தினமும் காலை பத்து ஐம்பத்தெட்டுக்கு இந்த மனிதரிடம் ஓர் அசாத்திய ஒழுங்கு வந்துவிடும். எதையாவது ஒன்றைத் திருத்துவார். திருத்த எதுவும் இல்லையென்றால் ஓர் இடைவெளியைச் சேர்த்து, அதையே நீக்குவார். பிறகு பொத்தானை அழுத்துவார். பச்சைக் கோடு கிளம்பியதும் மூக்குக் கண்ணாடிக் கூட்டை மேசையில் திறந்தபடி வைத்துவிட்டு, படியிறங்கி, இரண்டு தெரு தாண்டி, வீட்டுக்குப் போவார். போக ஏழு நிமிடம், வர ஏழு நிமிடம். நாற்பத்திரண்டில் பதினான்கு போனால் இருபத்தெட்டு. அந்த இருபத்தெட்டு நிமிடம்தான் அவருடைய இல்லற வாழ்க்கை.

அவர் மனைவி நர்ஸ். மூன்று வருடமாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவு வேலை. இவர் காலை எட்டுக்குக் கிளம்பினால் அவள் எட்டரைக்கு வருவாள். அவள் மாலை ஏழுக்குக் கிளம்பினால் இவர் ஏழேகாலுக்கு வருவார். அவளுடைய வார விடுமுறை வாரத்தின் எல்லா நாட்களிலும் சுற்றி வரும். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் எப்படியோ தாண்டிப் போய்விடும். பகல் பன்னிரண்டுக்கு அவள் படுத்துவிட்டால், ஒரு மணி சாப்பாட்டு இடைவேளையில் போய் எழுப்பலாம் என்ற யோசனைக்கே இடமில்லை. இரவெல்லாம் விழித்த நர்ஸை எழுப்பிய கணவர்கள் அவளுடைய பிரிவிலேயே வந்து படுத்திருக்கிறார்கள் என்று அவளே சொல்லியிருக்கிறாள். மகள் வெளியூரில் பள்ளி விடுதியில் தங்கிப் படித்தாள். ஆகவே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண் திறந்து ஒரே வீட்டில் இருப்பது பதினொன்று ஐந்திலிருந்து பதினொன்று முப்பத்து மூன்று வரைதான்.

அவள் டீ போட்டு வைத்திருப்பாள். சமையலறை மேசையில் எதிரெதிரே உட்காருவார்கள். பிஸ்கட்டைத் தொட்டுச் சாப்பிடுவார்கள். நேற்றிரவு எட்டாம் நம்பர் படுக்கைக்காரர் கண் விழித்ததும் தன் செருப்பைக் கேட்டார் என்பாள் அவள். இவர் மகள் போனில் சொன்னதைச் சொல்வார். குழாய் சொட்டும். "என்னங்க, இந்தக் குழாய்" என்று அவள் ஆரம்பிப்பாள். இவர் கடிகாரத்தைப் பார்ப்பார். அவளும் பார்ப்பாள். "சரி, கிளம்புங்க, உங்க கம்பைல் முடிஞ்சிடும்" என்பாள். கம்பைல் என்பது அவர் ஆபீஸில் கொடுக்கும் ஏதோ ஓர் இடைவேளை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். நல்ல ஆபீஸ் என்று பாராட்டவும் செய்வாள். அவள் வேலையிலும் ஒரு பச்சைக் கோடு உண்டு. அது நின்றால் ஓட வேண்டும். இவருக்கும் அப்படித்தான் என்பதால் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது அந்த நாற்பத்திரண்டு நிமிடம் எங்கிருந்து வந்தது என்ற வரலாற்றைச் சொல்லியாக வேண்டும்.

பதினோரு வருடத்துக்கு முன் ஒரு வாடிக்கையாளர், லிஃப்டின் குட்டித் திரையில் மென்பொருள் தயாரான தேதியும் நேரமும் தெரிய வேண்டும் என்று கேட்டார். வார்னிங் சார் ஒரே வரியில் அதை முடித்துக் கொடுத்தார். ஒவ்வொரு முறை கம்பைல் தொடங்கும்போதும் அந்த நிமிடத்தின் தேதியையும் நேரத்தையும் எடுத்து "பொது" என்ற ஃபைலில் எழுதிவிடும் வரி. பொது என்பது எல்லோருக்கும் வேண்டியதெல்லாம் கிடக்கும் ஃபைல். மற்ற ஆயிரத்துத் தொள்ளாயிரமும் அதைப் பார்த்துத்தான் வேலை செய்யும். கம்பைலுக்கான கருவி சாதாரணமாகக் கெட்டிக்காரத்தனமானது. மாறாத ஃபைலைத் தொடாது, மாறியதை மட்டும் செய்யும். ஆனால் இந்த வரி வந்த பிறகு ஒவ்வொரு முறையும் பொது மாறியது. பொது மாறினால் எல்லாம் மாறியதாகத்தானே அர்த்தம்? சுவர்க் கடிகாரத்தில் முள் நகர்ந்துவிட்டது என்பதற்காக வீட்டை இடித்துக் கட்டுவதுபோல, கருவி தினமும் அறுபது முறை அத்தனையையும் இடித்துக் கட்டியது.

அந்த வாடிக்கையாளர் பிறகு கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். தேதி மட்டும் ஒவ்வொரு லிஃப்டும் விழிக்கும்போது நான்கு விநாடி தெரிந்து, யாரும் பார்க்காமல் மறைந்துகொண்டிருந்தது.

வரியை எழுதிய அன்று மாலை அதன் மேலே ஒரு குறிப்பு எழுத வேண்டியிருந்தது. எதற்காக இந்த வரி என்று விளக்கி வைப்பது அந்தத் தொழிலின் மரபு. மணி ஏழாகிவிட்டது, விரல் வலித்தது. "இந்த வரியைத் தொட வேண்டாம். காரணம் நீளம்" என்று மட்டும் எழுதிவிட்டு வீட்டுக்குப் போனார்.

அந்தக் குறிப்புக்குக் கிடைத்த மரியாதை வேறெந்தச் சட்டத்துக்கும் கிடைத்ததில்லை. பதினோரு வருடத்தில் பொதுவில் இருந்த மற்ற எல்லா வரியும் மாறிவிட்டது. அது மட்டும் அப்படியே நின்றது. சுற்றிலும் கதைகள் முளைத்தன. அதை எடுத்தால் லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுவிடும் என்றார் ஒருவர். ஒருத்தர் எடுத்துப் பார்த்தார், மறுவாரமே அவருக்கு மாற்றல் வந்துவிட்டது என்றார் இன்னொருவர். மூலை மேசைக்காரர், சட்டம் படித்தவரல்லவா, அதில் ஏதோ வழக்கு சம்பந்தப்பட்டிருக்கிறது என்றார்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, வேறெதையோ தேடப்போன வார்னிங் சார் தற்செயலாகத் தன் வரியையே படித்துப் பார்த்து விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். திரையைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்த வரியை வேறொரு சின்ன ஃபைலுக்கு நகர்த்தினால் நாற்பத்திரண்டு நிமிடம் மூன்று நிமிடமாகிவிடும். கை விசைப்பலகை வரை போனது. ஆனால் அதற்கு முந்தின நாள் திங்கட்கிழமைதான் மனைவிக்கு இரவு வேலை போட்டிருந்தார்கள். செவ்வாய் காலை அவர் தாமதமாகக் கிளம்பியதால் அவளைப் பார்த்ததே, மாடிப்படியில் அவள் ஏற இவர் இறங்க, அரை நிமிடம்தான். கையை எடுத்துக்கொண்டார்.

காரணம் நீளம் என்று எழுதிய அன்று அது பொய். அந்தச் செவ்வாய்க்கிழமை முதல்தான் அது உண்மையாயிற்று.

வந்தது வினை. தலைமை அலுவலகத்தில் யாரோ ஒருவர் யாரோ ஒருவரிடம் கம்பைலுக்கு எவ்வளவு நேரமாகிறது என்று கேட்டிருக்கிறார். மறுவாரம், இதைக் குறைக்கவென்றே இன்னொரு கிளையிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பினார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். பழைய கிளையில் யாருக்கும் பயன்படாத நாற்பதாயிரம் வரிகளை ஒரே மாதத்தில் வெட்டிப் போட்டவள். அதனால் கத்தரி என்று பெயர்; அந்தப் பெயர் அவளுக்கு முன்பே இங்கே வந்து சேர்ந்துவிட்டிருந்தது. சாதுவாகப் பேசுவாள், எல்லோரையும் சார், மேடம் என்பாள். காத்திருப்பது மட்டும் அவளுக்குப் பிடிக்காது. முதல் நாளே தண்ணீர் கேன் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டி, அதில் 42 என்று எழுதினாள். தண்ணீர் குடிக்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் குடிக்காமலேயே திரும்பினார்கள்.

பழைய கம்ப்யூட்டர்களுக்கு நினைவகம் கூட்டினாள். 39. செத்துப்போன ஃபைல்களை அப்புறப்படுத்தினாள். 36. ஒரு நாள் காலை, இனி வார்னிங்கையும் எரராகவே நடத்த வேண்டும் என்று கருவிக்குச் சொல்லிவிட்டாள். பதினோரு வருடமாகப் பணிவோடு முனகிக்கொண்டிருந்த ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு பேரும் அன்று வழியை மறித்து உட்கார்ந்தார்கள். அத்தனையையும் திருத்த வார்னிங் சாருக்கு இரண்டு வாரம் பிடித்தது. அதில் நூற்று நாற்பது நிஜமான தப்பு. இரண்டு இடங்களில், ஆள் உள்ளே இருக்கும்போதே லிஃப்ட் தன்னைக் காலி என்று நினைத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தார். அதைப் பார்த்த நாளிலிருந்து, வெளியூர் போனாலும் படியேறித்தான் போனார்.

பலகையில் எண் இறங்க இறங்க, சமையலறை மேசையில் ஒவ்வொன்றாகக் காணாமல் போயிற்று. 36 ஆனபோது இரண்டாவது டீ போயிற்று. 31 ஆனபோது பிஸ்கட்டை நனைக்க நேரமில்லை; அப்படியே கடித்தார். எட்டாம் நம்பர் படுக்கைக்காரர் என்ன ஆனார் என்பது அடுத்த நாளுக்குத் தள்ளிப்போயிற்று. அடுத்த நாள் அது பன்னிரண்டாம் நம்பர் படுக்கைக்காரருக்காக மேலும் தள்ளிப்போயிற்று. ஏழு நிமிட நடையை ஐந்தாக்கினார். மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணிவிட்டு, யாராவது துரத்துகிறார்களா என்று கேட்டாள்.

அவரும் சும்மா இருக்கவில்லை. கத்தரியிடம் மறைமுகமாகப் பேசிப் பார்த்தார். வேகம் என்பது தரத்துக்கு எதிரி என்றார். நாற்பத்திரண்டு நிமிடம் இருந்தால்தான் எழுதியதைப் பற்றி மனிதன் யோசிப்பான் என்றார். அவள் அக்கறையோடு கேட்டுக்கொண்டு, சார் அந்த நேரத்தில் என்ன யோசிப்பீர்கள் என்று விசாரித்தாள். பல விஷயங்கள் என்றார்.

பலகையில் 26 வந்த மறுநாள், பத்தேகால் மணிக்கு அவள் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு அவர் மேசைக்கு வந்தாள்.

"சார், பொதுவில ஒரு வரி இருக்கு. உங்க பேர்ல."

"ஆமா."

"அந்தக் காரணத்தைக் கொஞ்சம் சொல்றீங்களா?"

"அது நீளம்மா."

"சொல்லுங்க சார். எனக்குக் கம்பைல் ஆகிட்டிருக்கு. இருபத்தாறு நிமிஷம் இருக்கு."

தான் கட்டிய சுவரில் தானே போய் முட்டிக்கொண்டதை வார்னிங் சார் உணர்ந்தார். பழைய விஷயம், குறிப்புகளைப் பார்க்க வேண்டும், நாளைக்குச் சொல்கிறேன் என்றார். நாளைக்கே சொல்லுங்கள் என்று எழுந்து போனாள். கேலியும் இல்லை, சந்தேகமும் இல்லை. அதுதான் அவரை அதிகம் வதைத்தது.

பத்து ஐம்பத்தெட்டுக்குப் பொத்தானை அழுத்தினார். படியை இரண்டிரண்டாக இறங்கினார்.

"நாளையிலேர்ந்து வர முடியாது போல" என்றார், உட்கார்ந்ததும்.

"ஏன், உங்க கம்பைலுக்கு ஒடம்பு சரியாயிடுச்சா?"

நர்ஸ்கள் இப்படித்தான், விளையாட்டாகச் சொன்னாலும் நோயைச் சரியாகச் சொல்லிவிடுவார்கள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஆபீஸ் கொடுக்கும் இடைவேளை என்று ஒன்று கிடையாது. பச்சைக் கோடு ஒன்றுதான் தன்னை மறைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கோடு அத்தனை நீளமாக இருப்பதற்குத் தான் எழுதிய ஒரு வரி காரணம். அது மூன்று வருடமாகத் தெரியும். முப்பது பேரை, தினமும் இரண்டு முறை, தான் ஒருவன் டீ குடிப்பதற்காகக் காத்திருக்க வைத்தாயிற்று. சொல்லி முடிக்க நான்கு நிமிடம் ஆயிற்று. மீதி பன்னிரண்டு நிமிடம் இருந்தது.

அவள் பிஸ்கட்டை டீயில் நனைத்தபடியே இருந்துவிட்டாள். அது உடைந்து உள்ளே விழுந்தது. ஸ்பூனால் அதை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, "என்கிட்டயும் ஒண்ணு இருக்கு" என்றாள்.

போன வருடம் மழைக்காலத்தில் அவளுக்குப் பகல் வேலை தருவதாக மேட்ரன் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். அவள் வேண்டாமென்று சொல்லியிருக்கிறாள்.

வார்னிங் சார் வாயைத் திறந்தார். எரர் வந்த கம்பைலர்போல அப்படியே நின்றார். பிறகு, "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே?" என்றார்.

"கேட்டா வாங்கிக்கோன்னு சொல்லியிருப்பீங்க. பகல்ல இருந்தப்ப தினம் சாயந்தரம் நாலு மணி நேரம் ஒண்ணா இருந்தோமே, அதுல ஒரு நல்ல பேச்சு ஞாபகம் இருக்கா உங்களுக்கு? எனக்கு சண்டைதான் ஞாபகம் இருக்கு. உங்க குடை, எங்க அண்ணன், டிவி சத்தம். இந்த இருபத்தெட்டு நிமிஷத்துல சண்டைய ஆரம்பிக்கலாம், முடிக்க முடியாது. அதனால நாம ஆரம்பிக்கிறதே இல்ல. பதினாறு வருஷத்துல இந்த மூணு வருஷம்தான் நான் உங்களோட பேசியிருக்கேன். அதை விட்டுட்டு நான் எதுக்குப் பகல் வேலைக்குப் போகணும்?"

அவர் காலி டம்ளரை எடுத்து வாயில் கவிழ்த்தார். அதை அவள் பார்த்துவிட்டாள். உடனே குரலை மாற்றிக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு. ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஃபைலை வேலை வாங்கத் தெரியுது. ஒரு மேனேஜர்கிட்டப் போய் வாயத் திறந்து கேக்கத் தெரியல. எட்டாம் நம்பர் படுக்கைக்காரருக்கே தைரியம் இருந்துது, மூச்சுக் குழாயோட செருப்பக் கேட்டார்."

அன்று அவர் திரும்பியபோது பச்சைக் கோடு நின்று மூன்று நிமிடம் ஆகியிருந்தது. பதினோரு வருடத்தில் முதல்முறையாக அவர் காணாமல் போனவர். கண்ணாடிக் கூடு மட்டும் வாயைத் திறந்துகொண்டு மேசைக்குக் காவல் இருந்தது. நேரே கத்தரியிடம் போனார். அந்த வரியைத் தானே எடுத்துவிடுவதாகச் சொன்னார். எடுத்தால் எதுவும் நின்றுவிடாதா என்று அவள் கேட்டாள். இத்தனை வருடம் எல்லாம் நின்று காத்திருப்பதற்கே அதுதான் காரணம் என்று, வாடிக்கையாளரையும் தேதியையும் பொதுவையும் விளக்கினார்.

"இவ்வளவுதானா சார்? இது ஒண்ணும் நீளம் இல்லையே."

"மீதி இருக்கும்மா."

அவள் அவரைப் பார்த்தாள், திறந்து கிடந்த கண்ணாடிக் கூட்டையும் பார்த்தாள், மீதியைக் கேட்கவில்லை. அந்த அலுவலகத்தில் கத்தரி வெட்டாமல் விட்டுவைத்த ஒரே இடம் அது.

வரியை நகர்த்த நாற்பது விநாடி பிடித்தது. பொத்தானை அழுத்தினார்கள். பச்சைக் கோடு ஒரு தடவை வெட்கப்பட்டதுபோல அசைந்து, விருட்டென்று ஓடி, மூன்று நிமிடம் பத்து விநாடியில் நின்றது. கத்தரி பலகையில் 3 என்று எழுதினாள். அலுவலகமே கூடி நின்று அதைப் பார்த்தது. யாரும் கைதட்டவில்லை. மூலை மேசைக்காரர் மட்டும், மேற்படிப்பில் இன்னும் இரண்டு பரீட்சை பாக்கி இருக்கிறது என்றார், பொதுவாக, யாரையும் பார்க்காமல். மாலை வரை அந்த அறையில் ஆட்கள் உண்மையாகவே வேலை பார்த்தார்கள். பார்க்கச் சகிக்கவில்லை.

மறுநாள் காலை பத்தரைக்கு வார்னிங் சார் மேனேஜர் அறைக்குப் போனார். மேனேஜருக்கு ஸ்டேட்டஸ் என்று பெயர். யாரைப் பார்த்தாலும் ஸ்டேட்டஸ் என்ன என்று கேட்பதால். இன்றும் அதையே கேட்டார். கண்கள் சிவந்திருந்தன. நேற்று முழுக்க அவராலும் திட்டமிடவே முடியவில்லை.

"தினமும் பதினொரு மணிக்கு எனக்கு நாற்பத்திரண்டு நிமிஷம் வெளியே போகணும் சார்."

"தினமுமா? எதுக்கு?"

"என் மனைவியப் பார்க்க."

ஸ்டேட்டஸ் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். உடம்பு சரியில்லையா என்றார். இல்லை, நன்றாக இருக்கிறாள் என்றார் இவர். கல்யாணம் ஆகி எத்தனை வருடம் என்று கேட்டார். பதினாறு என்றதும், வேறு யாருடைய கம்ப்யூட்டரிலும் வராத ஒரு கோளாறைப் பார்ப்பதுபோல அவரை மேலும் கீழும் பார்த்தார். மாலை அரை மணி கூட இருந்து ஈடு செய்வதாக இவர் சொன்னார். எனக்கொன்றும் ஆட்சேபமில்லை, ஆனால் படிவம் என்ன சொல்கிறதோ என்று ஸ்டேட்டஸ் கம்ப்யூட்டரைத் திருப்பினார்.

படிவத்தில் காரணங்களின் பட்டியல் இருந்தது. மருத்துவம், வங்கி, அரசு அலுவலகம், வாகனப் பழுது, மற்றவை. மனைவி இல்லை. மற்றவை என்பதைத் தேர்ந்தால் காரணத்தை எழுதச் சொல்லி ஒரு கட்டம் வந்தது. அதில் இருபது எழுத்துக்கு மேல் போகாது. நடந்ததை இருபது எழுத்தில் எழுதப் பார்த்தார். பார்த்துவிட்டு, "காரணம் நீளம்" என்று எழுதினார்.

ஸ்டேட்டஸ் அதைப் படித்தார். அந்த வார்த்தைகளை அவர் பதினோரு வருடமாக அறிவார். ஒரு கேள்வியும் கேட்காமல் சம்மதத்தை அழுத்தினார்.

நாற்பத்திரண்டு நிமிடம் கொடுக்க மட்டும் படிவத்துக்கு வழி தெரியவில்லை. அது நேரத்தை முழு மணிக்கணக்கில்தான் தரும். ஆக, வார்னிங் சாருக்கு ஒரு மணி நேரம் சேங்ஷன் ஆனது.

அன்று கண்ணாடிக் கூட்டை மூடிப் பைக்குள் வைத்தார். திரையை அணைத்தார். யாராவது கேட்டால் எங்கே போகிறேன் என்று சொல்லத் தயாராக நடந்தார், ஒருவரும் கேட்கவில்லை. வீட்டில் இரண்டு டீ குடித்தார்கள். பிஸ்கட் நனைந்தது. எட்டாம் நம்பர்காரர் வீட்டுக்குப் போய்விட்டார், செருப்போடு. இருபத்தெட்டாவது நிமிடத்தில் அவள் பழக்கத்தில் எழுந்து, கிளம்புங்கள் என்றாள். இன்னும் பதினெட்டு நிமிடம் இருக்கிறது என்றார். இரண்டு பேரும் திரும்பவும் உட்கார்ந்தார்கள். பேச எதுவும் தோன்றவில்லை. அமைதியில் குழாய் சொட்டியது.

"என்னங்க, இந்தக் குழாய்" என்றாள்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அதனிடமிருந்து எந்த உதவியும் வரவில்லை.

முப்பத்தோராவது நிமிடத்தில் வார்னிங் சார் பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியில் மல்லாந்து கிடந்தார். அவள் குனிந்து டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் சொல்லத் தொடங்கியிருந்தாள். குழாயில் ஆரம்பித்துக் குடைக்கு வந்திருந்தாள். அண்ணன் இன்னும் வரவில்லை. இவரும் விடவில்லை, அடியிலிருந்தபடியே பதில் சொன்னார். குரல் தொட்டிக்குள் போய்க் கணீரென்று திரும்பி வந்தது. மேலே ஒரு பித்தளைத் திருகு தெரிந்தது. கையை நீட்டினார்.

"அதைத் தொடாதீங்க."

"ஏன்?"

"அது நீளம்."

அவர் ஒரு கணம் யோசித்தார். தொட்டார்.

பன்னிரண்டு ஐந்துக்கு அலுவலகத்துக்குள் வந்தவரின் சட்டை தோளிலிருந்து இடுப்புவரை ஈரம். வெளியே நல்ல வெயில், கையில் குடை வேறு. தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றிருந்த கத்தரி நிமிர்ந்து பார்த்தாள்.

"முடிஞ்சுதா சார்?"

"இல்லம்மா" என்றார், சட்டையைப் பிழிந்தபடி. "எரர்தான் வந்திருக்கு. நாளைக்கு மறுபடி."